மதியம் வாடி மாலையில் நிமிரும் மிளகாய்: தொட்டி போதவில்லையா?

#1 புதுவேர்

எல்லோருக்கும் வணக்கம். 6 மிளகாய்ச் செடி வைத்திருக்கிறேன், விதை போட்டு 4 மாதம் முடியப்போகிறது. முதல் மூன்று மாதம் கண் படும்படி வளர்ந்தன, முழங்காலுக்கு மேல் வந்து, கிளை பிரிந்து, பூவும் வைத்துவிட்டன. அதோடு நின்றுவிட்டது. 3 வாரமாக ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன், 11 மணிக்கெல்லாம் இலை தொங்கிவிடுகிறது, மாலையில் மறுபடி ஊற்றினால் நிமிர்ந்துகொள்கிறது. அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கின்றன, பூ காம்போடு கொட்டுகிறது, புதிதாக வரும் இலை பழைய இலையில் பாதிகூட இல்லை.

இரண்டு முறை மண்புழு உரம் போட்டாயிற்று, ஒரு முறை திரவ உரம் கரைத்து ஊற்றியாயிற்று, எதற்கும் அசையவில்லை. இலைக்கு அடியில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்துவிட்டேன், இலைப்பேனும் இல்லை, அசுவினிப் பூச்சியும் இல்லை. தொட்டி 8 அங்குலம், பிளாஸ்டிக். நாற்றாக இருந்தபோது அதில் வைத்தேன், அன்றைக்கு அது பெரிய தொட்டியாகத்தான் தெரிந்தது. என்ன குறை என்று யாராவது சொல்லுங்கள், செடிகளை இப்படிப் பார்க்க மனம் கேட்கவில்லை.

#2 இலைநிழல்

அடி இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. செடி கீழே இருக்கிற பழைய இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்து மேலே கொழுந்துக்கு அனுப்பிவிடும், அதனால்தான் கீழிருந்து வெளுக்கும். மண்புழு உரம் மெதுவாகத்தான் வேலை செய்யும். கொஞ்சம் வேகமான உரம் கொடுத்துப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

#3 செம்மண்காரன்

ஒரு நிமிடம், அடுத்த உரத்தைக் கையில் எடுக்க வேண்டாம். புதுவேர், மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றியதும் கீழே துளை வழியாக எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறது? 11 மணிக்கு இலை தொங்கும்போது தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனக்கிறதா, காற்றுப்போல் இருக்கிறதா? தொட்டியைச் சாய்த்துப் பார்த்தால் துளையில் வேர் தெரிகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு உரத்தைப் பற்றிப் பேசலாம்.

#4 புதுவேர்

இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். ஊற்றி 6 எண்ணுவதற்குள் கீழே ஒழுகிவிட்டது. நான் இதுவரை அதை நல்ல வடிகால் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். தூக்கினால் கனமே இல்லை, ஒரு கையில் வந்துவிடுகிறது, அதுவும் காலையில் ஊற்றிய தொட்டி. துளையில் வேர் ஒன்றிரண்டு வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது, ஒரு துளை வேராலேயே அடைபட்டிருக்கிறது. தொட்டியின் பக்கவாட்டை அழுத்தினால் முன்பு உள்ளே போகும், இப்போது கல் மாதிரி இருக்கிறது.

#5 செம்மண்காரன்

அப்படியானால் உங்கள் செடிக்கு வேர் சுற்றிக்கொண்டது. ரூட் பவுண்ட் என்று சொல்வதும் இதைத்தான். ஆனாலும் ஊகத்தில் நிற்க வேண்டாம், ஒரு செடியை வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள். வேரைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்து வைத்தியம் செய்வதில்தான் எத்தனையோ செடிகள் போகின்றன. எனக்கும் அப்படிப் போயிருக்கிறது, ஒரு பருவம் முழுக்கக் கத்தரிக்கு உரத்தை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் பிடுங்கி எறியும்போதுதான் வேரைப் பார்த்தேன்.

எடுக்கும் முறை சொல்கிறேன். முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள், காய்ந்த மண்ணிலிருந்து எடுத்தால் சல்லிவேர் அறுந்துபோகும். மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு, தண்டைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வரும்படி உள்ளங்கையை மண்மேல் வைத்து, தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பை ஒரு திட்டின் ஓரத்தில் மெதுவாகத் தட்டுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. துளையில் வேர் மாட்டியிருந்தால் அதை முதலில் கத்தரித்துவிடுங்கள்.

நல்ல நிலையில் இருக்கிற செடி என்றால் மண்ணும் வேரும் கலந்து தெரியும், ஓரத்தில் கொஞ்சம் மண் உதிரும். வேர் சுற்றியது என்றால் தொட்டியின் அச்சிலேயே கட்டியாக வந்து நிற்கும், ஒரு துகள் உதிராது.

#6 புதுவேர் (மறுநாள்)

எடுத்துவிட்டேன். தட்டியதும் ஒரே கட்டியாக வந்து கையில் உட்கார்ந்தது, தொட்டியின் அடியில் இருக்கிற வளையம், துளை, உற்பத்தியாளர் முத்திரைகூட வேரில் அச்சுப் பதிந்திருந்தது. சுற்றிலும் வெள்ளை நூல் சுற்றிய மாதிரி வேர், மண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை. அடியில் விரல் கனத்துக்குப் பாய் முடைந்தது போல் வட்டம் வட்டமாகச் சுருண்டிருக்கிறது. எனக்கு அதிர்ச்சியாக இருந்தது இன்னொன்று. இரவு முழுக்க ஊறியிருக்கும் என்று நினைத்து அந்தக் கட்டியின் நடுவில் விரலை விட்டேன், உள்ளே பொடியாகக் காய்ந்திருக்கிறது. வெளியே ஈரம், நடுவில் துளி ஈரம் இல்லை. இத்தனை நாள் ஊற்றிய தண்ணீர் எங்கே போனது?

#7 நாற்றுக்கூடை

நான் நாற்றங்காலில் வேலை செய்கிறேன், இந்தக் காட்சியை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்ப்பேன். தண்ணீர் கட்டிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் இறங்கி ஓடிவிட்டது. தென்னை நார்த்தூள் கலந்த கலவை ஒரு முறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் கொஞ்சம் சுருங்கும், அப்புறம் மேலே ஊற்றும் தண்ணீரைச் சட்டென்று உள்வாங்காது. அதனால் பக்கத்தில் ஒழுகும், நீங்கள் 6 எண்ணுவதற்குள் கீழே வந்தது அந்தத் தண்ணீர்தான். பக்கத்தில் இருக்கிற வேர் அதில் கொஞ்சம் குடித்துக்கொள்ளும், செடி மாலையில் நிமிரும், மறுநாள் மறுபடி அதே கதை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மண் இருந்த இடத்தை வேர் பிடித்துக்கொண்டது. வேரால் தண்ணீரைக் குடிக்க முடியும், நமக்காகச் சேர்த்து வைக்க முடியாது. 4 லிட்டர் கலவையில் பாதி இடத்தை வேர் எடுத்துக்கொண்டால் தண்ணீர் நிற்க என்ன மிச்சம் இருக்கும்? செடியோ பெரிதாகிவிட்டது, இலை வழியாக முன்பைவிட அதிகம் வெளியேற்றுகிறது. வரவு குறைந்து செலவு ஏறிவிட்டது.

8 அங்குலத் தொட்டியில் நான் ஏன் 4 லிட்டர் என்கிறேன் என்றால், கணக்குப் பாருங்கள். 20 செ.மீ. விட்டம், 20 செ.மீ. உயரம் என்று நேர் உருளையாக இருந்தால் 6 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். ஆனால் தொட்டி அடியில் குறுகும், மேலே தண்ணீர் நிற்க 3 செ.மீ. விடுவோம், உண்மையில் தேறுவது 4 லிட்டருக்கும் குறைவு. அதே மாதிரி 12 அங்குலத் தொட்டியில் 13 லிட்டர் தேறும். வாயில் 4 அங்குலம்தான் கூடியிருக்கிறது, கொள்ளளவு மூன்று மடங்கு. விட்டமும் உயரமும் இரண்டு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்கு. ஆகவே தொட்டியை அங்குலத்தில் யோசிக்காதீர்கள், லிட்டரில் யோசியுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை உள்ளே விரித்து, 1 லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி எண்ணினால் 5 நிமிடத்தில் தெரிந்துவிடும்.

#8 மழைத்துளி

நாற்றுக்கூடை அண்ணா சொன்னதும் என் க்ரோ பேக்கை (செடி வளர்க்கும் பையை) அளந்தேன். 12 அங்குலம் என்று சொல்லி வாங்கியது, நிரப்பிய பிறகு வாய் 8 அங்குலத்துக்கும் குறைவாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

#9 நாற்றுக்கூடை

பையைத் தட்டையாக மடித்து அளந்த அகலத்தைச் சொல்லியிருப்பார்கள். தட்டையாக 12 என்றால் சுற்றளவு 24, அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் 7.6 அங்குலம். வாங்கும்போது அது மடித்த அளவா நிரப்பிய அளவா என்று கேட்டுவிடுவது நல்லது. கேலன் கணக்கில் விற்கும் நாற்றங்கால் தொட்டியிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர், ஆனால் 1 கேலன் தொட்டி என்று அந்தத் தொழிலில் சொல்வதில் 2.8 லிட்டர் அளவுதான் பிடிக்கும்.

#10 இலைநிழல்

நான் முதலில் தழைச்சத்து என்று சொன்னது அவசரம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, இதே வாட்டமும் மஞ்சளும் தண்ணீர் அதிகமானாலும் வருமே? எல்லாவற்றுக்கும் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. வெளியிலிருந்தே எப்படிப் பிரித்துச் சொல்வது?

#11 செம்மண்காரன்

நல்ல கேள்வி. நீங்கள் சொன்ன தழைச்சத்துக் குறையும் பொய் இல்லை இலைநிழல், அந்தச் செடிக்கு நிஜமாகவே தழைச்சத்துக் குறைந்திருக்கிறது. போட்ட உரம் கரைந்து பக்கவாட்டில் ஓடிவிட்டது, காய்ந்த நடுப்பகுதியில் வேரால் எடுக்க முடியாது. குறை இலையில் தெரிகிறது, காரணம் தொட்டிக்குள் இருக்கிறது.

பிரித்துப் பார்ப்பதற்கு எனக்கு முதல் சாட்சி தொட்டியின் கனம். இலை தொங்குகிறது, தொட்டி லேசாக இருக்கிறது, ஊற்றியதும் ஒரு மணி நேரத்தில் நிமிர்கிறது என்றால் தண்ணீர் போதவில்லை, ஒன்று ஊற்றியது குறைவு, அல்லது வேர் சுற்றிவிட்டது. இலை தொங்குகிறது, தொட்டி கனக்கிறது, மண் ஈரமாக இருக்கிறது, ஊற்றியும் நிமிரவில்லை என்றால் வேர் அழுகல். அதற்கு மேல் ஊற்றினால் செடியைக் கையோடு முடித்துவிடுவோம். அழுகலில் வெளியே எடுத்தால் வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் வரும். வேர் சுற்றிய செடியில் வேர் வெள்ளையாக, விறைப்பாக, மண்வாசனையோடு இருக்கும். ஒரு எச்சரிக்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை போன்றவற்றின் முதிர்ந்த வேர் இயல்பிலேயே பழுப்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம், நுனி வெளிறி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. தொட்டி பெரியது, தண்ணீரும் சரி, ஆனாலும் மதியம் வாடுகிறது, வளர்ச்சி இல்லை. எடுத்துப் பார்த்தால் வேரில் மணி மணியாக முடிச்சு. அது வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டையில் நிறைய வரும். வெள்ளை மாவு மாதிரி ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. இந்த இரண்டும் வெளியிலிருந்து தெரியவே தெரியாது, அதனால்தான் கவிழ்த்துப் பாருங்கள் என்கிறேன்.

வேர் சுற்றியதில் எனக்குத் தெரிந்து மிகவும் முன்னதாக வரும் அடையாளம், இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் கேட்ட செடி தினமும் கேட்க ஆரம்பிப்பது. வெயில் அதே வெயில், செடி மட்டும் சீக்கிரம் காய்கிறது என்று தோன்றினால் அந்த வாரமே பாருங்கள். மஞ்சள், பூ உதிர்வு, சின்ன இலை எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். தக்காளியில் காயின் அடி கறுத்துப்போவதும் அப்போதுதான். கால்சியம் மண்ணில் இருந்தாலும் தண்ணீரோடுதான் அது காய்க்குப் போக வேண்டும், தண்ணீர் விட்டு விட்டு வந்தால் காயின் நுனிக்குப் போய்ச் சேராது.

#12 மழைத்துளி

அப்படியென்றால் நாற்றை ஆரம்பத்திலேயே பெரிய தொட்டியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? எதற்கு இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும்?

#13 நாற்றுக்கூடை

அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். 4 இலை நாற்றை 20 லிட்டரில் வைத்தால் அதன் வேர் ஒரு கைப்பிடி மண்ணில்தான் இருக்கும், மிச்சம் 19 லிட்டர் ஈரமாகவே கிடக்கும். குடிக்க ஆள் இல்லாத தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும், காற்று உள்ளே போகாது, வேர் மூச்சுத் திணறி அழுகும். நாங்கள் குழித்தட்டிலிருந்து சின்ன பை, அதிலிருந்து ஒரு லிட்டர், அப்புறம் 4, அப்புறம் கடைசித் தொட்டி என்று ஏற்றுவோம். ஒவ்வொரு முறையும் வேர் ஓரத்தைத் தொட்டு, சுற்ற ஆரம்பிப்பதற்குள் மாற்றிவிட வேண்டும். அப்படி மாற்றினால் கட்டியின் நடுவும் வேரால் நிறைந்திருக்கும், கடைசித் தொட்டியில் ஒரு மூலைகூட வீணாகாது.

#14 செம்மண்காரன்

இதில் நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். மரவகைக்கும் வீட்டுக்குள் நிழலில் மெதுவாக வளரும் செடிக்கும் நீங்கள் சொல்வது அப்படியே சரி. தக்காளி, மிளகாய், வெண்டை, பூசணி மாதிரி சில மாதத்தில் ஓடி முடிக்கும் செடிக்கு ஒவ்வொரு மாற்றமும் சில நாள் தாமதம். பூசணி, வெள்ளரி, பப்பாளிக்கு வேரைத் தொட்டாலே பிடிக்காது, அதை நேராகக் கடைசித் தொட்டியில் விதைப்பதுதான் நல்லது. கலவை உதிரியாக இருந்து, நாற்றைச் சுற்றி மட்டும் ஒரு வட்டமாகத் தண்ணீர் ஊற்றி, செடி வளர வளர அந்த வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் 20 லிட்டரிலும் நாற்று அழுகாது. அழுகுவது தினமும் தொட்டி நிறைய ஊற்றுகிறவர் கையில்தான்.

#15 நாற்றுக்கூடை

அந்த வட்டக் கட்டுப்பாடு அனுபவம் உள்ளவருக்கு வரும், புதிதாக ஆரம்பிக்கிறவர் மேலே காய்ந்ததைப் பார்த்ததும் முழுக்க ஊற்றிவிடுவார். மழை பெய்தால் உங்கள் வட்டம் என்ன ஆகும்? அதனால்தான் நான் படிப்படியாக என்கிறேன். வெள்ளரி, பூசணி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நாங்களும் அவற்றைக் குழித்தட்டில் வைத்து இரண்டு மூன்று நிஜ இலை வந்ததும் கொடுத்துவிடுவோம், நாள் கடத்த மாட்டோம்.

தொட்டி பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. 2012-ல் தாவர ஆய்வாளர் ஹென்ட்ரிக் போர்ட்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் தொட்டி அளவைப் பற்றிய 65 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செடியின் எடை சராசரியாக 43 விழுக்காடு கூடுகிறது என்று வந்தது. சின்னத் தொட்டியில் செடி குறுகுவதற்கு முக்கியக் காரணம், ஒரே அளவு இலையிலும் ஒளிச்சேர்க்கை குறைந்துவிடுவது என்றும் சொன்னார்கள். புதுவேரின் செடி இலையை வைத்துக்கொண்டே சும்மா நின்றதற்கு இதுதான் பொருள்.

#16 செம்மண்காரன்

மழையைப் பற்றிச் சொன்னது நியாயம், திறந்த வெளியில் வைக்கிறவர்கள் நாற்றுக்கூடை சொன்னபடியே செய்யுங்கள்.

எந்தச் செடிக்கு எவ்வளவு பெரிய தொட்டி என்று தோராயமாகச் சொல்கிறேன். கீரைக்கு ஆழம் 15 செ.மீ. இருந்தால் போதும், அகலம்தான் வேண்டும். மிளகாய்க்கு 10 முதல் 15 லிட்டர், கத்தரிக்கு 15 முதல் 20. குட்டைத் தக்காளி 15-லேயே சமாளிக்கும், கொடியாக ஏறிக்கொண்டே போகும் தக்காளிக்கு 20-க்குக் கீழே இறங்காதீர்கள், 30 இருந்தால் வெயில் காலத்தில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். எலுமிச்சை ஒரு 10 லிட்டரில் தொடங்கி கடைசியில் 50, 60 வரை போக வேண்டும். மாடியில் வைப்பவர்கள் கனத்தையும் நினைவில் வையுங்கள், ஈரக் கலவை லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வரும், அதனால் பெரிய தொட்டிகளைச் சுவர், தூண் பக்கமாக வையுங்கள், நடு மாடியில் குவிக்க வேண்டாம்.

ஆழத்தைப் பற்றி ஒன்று. தொட்டியின் அடியில் எப்போதும் ஒரு பட்டை நீர் நிற்கும், வடிந்தபிறகும் நிற்கும். நம்பாதவர்கள் ஒரு ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, தட்டையாகப் பிடித்துச் சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம்தான் மாறியது. கலவை ஒன்றாக இருந்தால் அந்த ஈரப் பட்டையின் உயரம் எல்லாத் தொட்டியிலும் ஒன்றுதான், ஆகவே ஆழம் குறைந்த தொட்டியில் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும். அடியில் ஜல்லி போடுவதும் உதவாது, அந்த ஈரப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இருந்த இடமும் போகும்.

#17 எலுமிச்சைநிழல்

மிளகாய் சில மாதத்தில் காய்த்து முடியும் செடி, தப்பிவிடும். மரவகை வைத்திருக்கிறவர்கள் என் கதையைக் கேளுங்கள். ஒரு எலுமிச்சைக் கன்று வாங்கினேன், பையில் நெருக்கமாக இருந்தது. கட்டியைக் கலைத்தால் கன்று செத்துவிடும் என்று விற்றவர் சொன்னார், நானும் அப்படியே பெரிய தொட்டியில் இறக்கினேன். இரண்டு வருடம் நன்றாக இருந்தது, காய்த்தது. மூன்றாவது வருடம் ஒரு பக்கக் கிளை மட்டும் வாடியது, அப்புறம் எல்லாம். பிடுங்கினால் தூரைச் சுற்றி ஒரு வேர், என் கட்டைவிரல் பருமன், பாம்பு சுற்றியதுபோல் தண்டை இறுக்கி உள்ளே பதிந்திருந்தது. கன்றாக இருந்தபோது பையில் வளைந்த வேர் அது. பெரிய தொட்டிக்குப் போன பிறகும் நேராகவில்லை, வளைந்தபடியே பருத்து, தான் தாங்க வேண்டிய மரத்தையே நெரித்துவிட்டது. அன்று ஒரு கத்தரிக்கோல் வெட்டு போட்டிருந்தால் அந்த மரம் இன்றைக்கு இருந்திருக்கும்.

தூரில் மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். வேர் நாலா பக்கமும் விரிந்து இறங்கினால் நல்லது. தண்டைச் சுற்றி வந்தால் அந்த இடத்திலேயே வெட்டிவிடுங்கள், தயங்க வேண்டாம்.

#18 புதுவேர்

படிக்கப் படிக்க பயமாக இருக்கிறது. என் 6 செடியையும் மாற்றப்போகிறேன், 12 அங்குலப் பை, 15 லிட்டர் பிடிக்கும் என்று அளந்துவிட்டேன். வேரை வெட்டலாமா? பூவும் பிஞ்சும் இருக்கும்போது வெட்டினால் செடி தாங்குமா?

#19 செம்மண்காரன்

தாங்கும். முதலில் கட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். குமிழ் வந்துகொண்டே இருக்கும், அது நின்றால் நடுப்பகுதி நனைந்துவிட்டது என்று பொருள், அரை மணி நேரம் ஆகலாம். இதைச் செய்யாமல் புதுக் கலவைக்குள் வைத்தால் புதுக் கலவை ஈரமாக இருக்கும், பழைய கட்டி நடுவில் காய்ந்தே கிடக்கும், செடி ஈரத்துக்கு நடுவே நின்று தாகத்தில் வாடும். மாற்றியும் பலனில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் விட்டிருப்பார்கள்.

ஊறியதும் அடியில் இருக்கிற அந்தப் பாயை, விரல் கனம் என்றீர்களே, அதை ஒரு கூரான கத்தியால் தட்டையாக அறுத்து எடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கீறுங்கள். மற்றதை விரலால் வெளிப்பக்கமாகக் கலைத்துவிடுங்கள், தலைமுடிச் சிக்கெடுப்பது போல, இழுத்துப் பிய்க்காமல். வெட்டிய இடத்துக்குப் பின்னாலிருந்து புதிய வேர் பல கிளையாக வரும், அது புது மண்ணுக்குள் நேராக ஓடும். கீறாமல் வைத்தால் வேர் பழைய பழக்கத்தில் அதே வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மிளகாயைப் பழைய மண்மட்டத்திலேயே வையுங்கள். தக்காளியை மட்டும்தான் கழுத்துவரை புதைக்கலாம், அதன் தண்டிலேயே வேர் விடும். பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள், மனம் வராது என்று தெரியும், இருந்தாலும் கிள்ளுங்கள். மேலே ஐந்தில் ஒரு பங்கு கிளையை வெட்டிக் கவாத்துச் செய்யுங்கள், வேர் குறைந்த அளவுக்கு இலையும் குறைய வேண்டும். 5 நாள் நிழல், முதல் 10 நாள் தண்டுக்குப் பக்கத்தில் பழைய கட்டியின் மேலேயே தண்ணீர் ஊற்றுங்கள், உரம் 2 வாரத்துக்கு வேண்டாம்.

#20 மழைத்துளி

துணிப் பையில் வேர் சுற்றாது என்கிறார்களே, உண்மையா?

#21 நாற்றுக்கூடை

பெரும்பாலும் உண்மை. வேர் நுனி துணியின் ஓரத்துக்கு வந்ததும் காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும், பின்னாலிருந்து கிளைவேர் கிளம்பும், அதனால் வட்டம் போடாது, உள்ளே சல்லிவேர் அடர்த்தியாகும். ஆனால் இடம் தீர்ந்துபோவது அதிலும் உண்டு, அதையும் ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். நாலா பக்கமும் காற்று போவதால் சீக்கிரம் காயும், கடும் வெயிலில் இரண்டு வேளையும் ஊற்ற வேண்டி வரும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மாதிரி வெயில் பட்ட பக்கம் கொதிக்காது என்பது அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

#22 இலைநிழல்

என் வீட்டுக்குள் ஒரு பாம்புக் கற்றாழை 5 வருடமாக ஒரே தொட்டியில் இருக்கிறது, வேர் தொட்டியை வெடிக்க வைத்துவிட்டது, செடிக்கு ஒரு குறையும் இல்லை. அதையும் மாற்ற வேண்டுமா?

#23 செம்மண்காரன்

அது நெருக்கத்தைத் தாங்கும் வகை, தடித்த இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், மெதுவாக வளரும். காகிதப்பூவும் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் நன்றாகப் பூக்கும். தொட்டி வெடித்துவிட்டதால் மாற்றுங்கள், ஆனால் ஒரு விரல் அகலம் மட்டும் பெரிய தொட்டி போதும். காய்கறிக்கு அந்த நியாயத்தைக் கொண்டுவராதீர்கள்.

#24 புதுவேர் (3 வாரம் கழித்து)

சொன்னபடி செய்தேன். 5 செடியை மாற்றினேன், ஆறாவதுக்குப் பை போதவில்லை, அது பழைய 8 அங்குலத்திலேயே இருக்கிறது. வாளியில் முக்கியபோது குமிழ் 25 நிமிடம் வந்தது. அடிப் பாயை அறுக்கும்போது கை நடுங்கியது, சணல் கயிறு அறுப்பது போல் சத்தம் கேட்டது. முதல் 4 நாள் எல்லாமே தலை தொங்கிக் கிடந்தன, நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஆறாம் நாள் காலையில் நிமிர்ந்திருந்தன, அன்று மதியம் வாடவில்லை. பத்தாம் நாள் கணுக்களில் பச்சையாகப் புதுக் கொழுந்து. இப்போது புது இலை என் சுட்டுவிரல் நீளம், பூ மொட்டும் வந்துவிட்டது. இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஆறாவது செடி பக்கத்திலேயே நிற்கிறது. அதே விதை, அதே வெயில், தினமும் இரண்டு வேளை தண்ணீர். மற்றவற்றின் தோள்வரைகூட வரவில்லை, நேற்று இருந்த கடைசி இரண்டு பூவும் கொட்டிவிட்டன. இன்று மாலை அதற்கும் பை வருகிறது. வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டேன்.